நான்கு சொற்களும் ஓர் அறுவை சிகிச்சைத் தேதியும்

'வேரியன்ட் ஆஃப் அன்சர்ட்டன் சிக்னிஃபிகன்ஸ்.' என் பெரியம்மா மகளின் மரபணுச் சோதனை அறிக்கையில் இரண்டாம் பக்கத்தில் இருந்த வரி இது. ஆங்கிலத்தில் நான்கே சொற்கள். சிங்கப்பூரிலிருந்து வாட்ஸ்அப்பில் ஈப்போ போய்ச் சேர்வதற்குள் அவை 'சந்தேகத்துக்குரிய ஜீன்' ஆகிவிட்டன. அங்கிருந்து கோலாலம்பூர் போனபோது 'சந்தேகத்துக்குரிய' கழன்று விழுந்துவிட்டது. "நம்ம குடும்பத்துல அந்த ஜீன் இருக்காம்" என்பது மட்டும் மிஞ்சியது. ஒரே வாரத்தில், ஈப்போவில் இருக்கும் என் சித்தி மகள் தன் இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட ஒரு தனியார் மருத்துவமனையில் தேதி வாங்கிவிட்டாள். அவளுக்கு அப்போது வயது 34. ஒரு பிள்ளைக்குத் தாய்; இன்னொன்று வேண்டும் என்ற ஆசையும் உண்டு.

இது 2022-ல் நடந்தது. அக்காவுக்கு, அதாவது பெரியம்மா மகளுக்கு, 38 வயதில் மார்பகப் புற்றுநோய். இளம் வயதில் வந்திருக்கிறதே என்று மருத்துவர் மரபணுச் சோதனைக்கு எழுதிக் கொடுத்தார். அறிக்கை அக்காவின் கைக்கு வந்த நாளுக்கும் மரபணு ஆலோசகரைப் பார்க்கத் தேதி கிடைத்த நாளுக்கும் இடையே ஐந்து நாள் இடைவெளி. அந்த ஐந்து நாளில்தான் மேலே சொன்ன அத்தனையும் நடந்தது.

மருத்துவமனையில் தவறு என்றதும் நம் மனத்தில் வருவது வேறு. மாற்றிக் கொடுத்த மருந்து, வயிற்றுக்குள் விட்டுவிட்ட பஞ்சு, வலது காலுக்குப் பதில் இடது கால். மரபணு மருத்துவத்தில் கத்தி, ஊசி எல்லாம் கடைசியில்தான் வரும். அங்கே கைமாறுவது பெரும்பாலும் தகவல். யாருக்கு என்ன நோய், எந்த வயதில், எந்த உறுப்பில், அறிக்கை என்ன சொல்கிறது, அதை யார் யாருக்கு எந்தச் சொல்லில் சொன்னார்கள். தவறும் அங்கேதான் நுழைகிறது. தகவல் ஓர் ஆளோடு நிற்காமல் குடும்பம் முழுக்கப் பரவுவதால் தவறும் கூடவே பரவுகிறது.

அந்த நான்கு சொற்களின் பொருளை முதலில் சொல்லிவிடுகிறேன். மரபணுவில் எழுத்து மாறியிருப்பது எல்லாருக்கும் உள்ளதுதான். 'கறி' என்பதைக் 'கரி' என்று எழுதினால் சமையலே மாறிவிடும். 'கோயில்' என்பதைக் 'கோவில்' என்று எழுதினால் ஒன்றும் ஆகாது, அதே சாமிதான். மரபணு எழுத்து மாற்றங்களிலும் இரண்டு வகையும் உண்டு. ஆய்வுக்கூடங்கள் அவற்றை ஐந்து படிகளாகப் பிரிக்கின்றன. நோய் தருவது, நோய் தரக்கூடியது, பொருள் தெரியாதது, தீங்கற்றதாக இருக்கக்கூடியது, தீங்கற்றது. 2015-ல் அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரியும் மூலக்கூறு நோயியலாளர் சங்கமும் சேர்ந்து வகுத்த முறை இது. இன்று பல நாடுகளிலும் ஆய்வுக்கூடங்கள் இதைத்தான் பின்பற்றுகின்றன. அக்காவின் அறிக்கை சொன்னது நடுப்படி. பிஆர்சிஏ2 என்ற மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அதனால் கெடுதலா இல்லையா என்று இன்றைக்குச் சொல்லத் தெரியவில்லை. அவ்வளவுதான். 'சந்தேகத்துக்குரிய' என்ற சொல் தமிழில் அந்தப் பொருளைத் தராது. சந்தேகத்துக்குரிய ஆள் என்றால் நாம் வீட்டுக் கதவைச் சாத்துகிறோம் இல்லையா?

மைக் முன்னால் பேசிப் பிழைப்பவன் என்பதால் இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கூடுதல் எரிச்சல். செய்தி வாசிக்கும் எங்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் முதல் பாடம், தெரியாததைத் தெரியாது என்றே சொல்ல வேண்டும் என்பது. 'காரணம் இன்னும் தெரியவில்லை' என்ற செய்தியைச் 'சந்தேகிக்கப்படுகிறது' என்று வாசித்தால் அடுத்த நிமிடம் தொலைபேசி அலறும்.

இந்தக் குழப்பத்தில் படிக்காதவர்கள் மட்டும் விழுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய் அறுவை மருத்துவர்களிடம் கேட்டு 2017-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. இத்தகைய நோயாளிகளைக் குறைவாகப் பார்க்கும் மருத்துவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர், பொருள் தெரியாத மாற்றம் இருப்பவரையும் நோய் தரும் மாற்றம் இருப்பவரைப் போலவே நடத்துவதாகச் சொன்னார்கள். ஆனால் இந்த நடுப்படி மாற்றங்கள் பின்னால் மறுவகைப்படுத்தப்படும்போது பத்தில் ஒன்பது, தீங்கற்ற பக்கத்துக்கே போகின்றன.

நோய் தரும் மாற்றம் உண்மையிலேயே இருந்தால் கதை வேறு. பிஆர்சிஏ1-ல் அத்தகைய மாற்றம் உள்ள பெண்ணுக்கு வாழ்நாளில் சினைப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 39 முதல் 58 விழுக்காடு. பிஆர்சிஏ2 என்றால் 13 முதல் 29. சாதாரணமாக அது 1 விழுக்காட்டை ஒட்டித்தான் இருக்கும். அந்த மாற்றம் உள்ளவர்கள் பிள்ளை பெற்று முடித்தபின் சினைப்பைகளை எடுத்துக்கொள்வது உயிர் காக்கும் முடிவு. மாற்றம் இல்லாதவர் 34 வயதில் எடுத்துக்கொண்டால் மறுநாளே மாதவிடாய் நின்றுபோன உடம்பு. எலும்பு, இதயம் என்று எல்லாவற்றுக்கும் விலை கொடுக்க வேண்டும். எடுத்ததைத் திரும்ப வைக்கவும் முடியாது.

ஆலோசகரைப் பார்க்கும் நாளில் அக்காவோடு அம்மாவும் நானும் போனோம். பெரியம்மா இப்போது இல்லை. குடும்பக் கதை முழுக்கத் தெரிந்தவர் அம்மா ஒருவர்தான். ஆலோசகர் சீனப் பெண்மணி. அம்மாவுக்கு ஆங்கிலம் பேருந்து, மார்க்கெட் அளவுக்குத்தான். நான் மொழிபெயர்ப்பாளன்.

ஆலோசகர் ஒரு வெள்ளைத்தாளில் வரையத் தொடங்கினார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவர் மேல் குறுக்கே ஒரு கோடு, நோய் வந்தவர் என்றால் உள்ளே கறுப்பு. அக்காவின் வட்டத்துக்குப் பக்கத்தில் ஓர் அம்புக்குறி. தாத்தா பாட்டி வந்ததும் அம்மா கொஞ்சம் தயங்கினார். பாட்டி, தாத்தாவின் சொந்த அக்கா மகள். ஆலோசகர் முகம் சுளிக்கவில்லை, சிரிக்கவும் இல்லை. இருவருக்கும் நடுவே ஒரு கோட்டுக்குப் பதில் இரட்டைக் கோடு போட்டார். சொந்தத்தில் திருமணம் என்பதற்கு உலகமெங்கும் அதுதான் அடையாளமாம். அம்மாவுக்கு அது பிடித்துப்போயிற்று. "அட, இதுக்கும் ஒரு கோடு வச்சிருக்காங்களே!"

பிறகு அம்மா சொன்னார்: "இவனோட அத்தைக்கும் மார்ல கட்டி வந்து எடுத்தாங்க."

இந்த இடத்தில்தான் நம் உறவுமுறைச் சொற்களின் அருமையும் ஆபத்தும் புரிந்தது. ஆங்கிலத்தில் 'ஆன்ட்டி' என்று சொல்லிவிட்டால் அப்பா வழியா, அம்மா வழியா, இரத்த உறவா, வாழ்க்கைப்பட்டு வந்தவரா, எதுவும் தெரியாது. தமிழில் வழி தெரிந்துவிடும் என்று நாம் பெருமைப்படுகிறோம். ஆனால் அத்தை என்றால் அப்பாவின் உடன்பிறந்தவரும் அத்தை, மாமாவின் மனைவியும் அத்தை. சித்தி என்றால் அம்மாவின் தங்கையும் சித்தி, சித்தப்பாவின் மனைவியும் சித்தி. அம்மா சொன்ன அத்தை என் தாய்மாமன் மனைவி. வாழ்க்கைப்பட்டு வந்தவர் என்று சொல்லியிருந்தால் ஆலோசகர் அவரைக் கணக்கில் எடுத்திருக்க மாட்டார். ஆனால் மாமா கட்டியது மூத்த பெரியம்மாவின் மகளை. ஆக அவர் எனக்கு அத்தையும் ஆவார், அக்காவும் ஆவார். நோயாளியான அக்காவுக்கு அவர் முதல் தலைமுறை ஒன்றுவிட்ட சகோதரி. ஆலோசகர் பென்சிலை வைத்துவிட்டு அழிப்பானை எடுத்தார். அந்தத் தாள் ஒரு கோலம் மாதிரி ஆகிக்கொண்டிருந்தது.

பிறகு சித்தியின் முறை. அம்மாவின் தங்கை, ஈப்போப் பெண்ணின் தாய். 2003-ல் இறந்தார். "என்ன புற்றுநோய்?" என்று ஆலோசகர் கேட்டார்.

அம்மா குரலைத் தாழ்த்தி, "கர்ப்பப்பையில" என்றார்.

நான் அப்படியே மொழிபெயர்க்கும் முன், "எந்த இடம்மா?" என்று கேட்டேன். அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. "கர்ப்பப்பைதான்யா. அதுக்கு மேல என்ன சொல்றது" என்று முந்தானையைச் சரிசெய்துகொண்டார். ஆம்பிளைப் பிள்ளையிடம் அதற்கு மேல் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

ஆலோசகருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் முந்தானை புரிந்துவிட்டது. என்னை வெளியே ஒரு காப்பி குடித்து வரும்படி சொல்லிவிட்டு, வார்டிலிருந்து தமிழ் பேசும் தாதி ஒருவரை வரவழைத்தார். அதன்பின் நடந்ததை அக்கா எனக்குச் சொன்னாள். தாதி ஒரு தாளில் படம் வரைந்தாராம். "அம்மா, இது கர்ப்பப்பை. இது அதோட வாய். இந்த ரெண்டு பக்கமும் இருக்கிறது சினைப்பை, முட்டை வர்ற இடம். உங்க தங்கச்சிக்கு எது?" அம்மா யோசித்துவிட்டு, "வாய்தான்னு நெனைக்கிறேன். உதிரப்போக்கு நிக்கவே இல்ல. கரண்ட் வச்சாங்க, பல நாளு" என்றிருக்கிறார்.

கரண்ட் வைப்பது என்று அம்மா சொன்னது கதிர்வீச்சு சிகிச்சையை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு அது முக்கியமான சிகிச்சை. சினைப்பைப் புற்றுநோய்க்கு வழக்கமாக அறுவையும் கீமோவும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பெரும்பாலும் எச்பிவி என்ற கிருமியால் வருவது. பிஆர்சிஏ குடும்பக் கதையில் அதற்கு இடமில்லை. நம் பேச்சில் இந்த மூன்று இடங்களுக்கும் சேர்த்து ஒரே சொல்தான் இருக்கிறது. இருபது ஆண்டுகளாக ஒரு மகள் தன் தாய் சினைப்பைப் புற்றுநோயில் போனதாக நம்பியிருந்தாள். மருத்துவரிடமும் அப்படியே சொல்லியிருந்தாள். தாய்க்குச் சினைப்பையில் புற்றுநோய், பெரியம்மா மகளுக்கு மார்பில் புற்றுநோய், குடும்பத்தில் ஜீனும் இருக்கிறது என்று ஒருத்தி வந்து சொன்னால் மருத்துவர் தேதி கொடுத்ததில் வியப்பில்லை. ஆனாலும் அறிக்கையைக் கொண்டு வா என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்றுதான் எனக்கு இன்றும் தோன்றுகிறது.

அம்மாவின் நினைவை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது என்றார் ஆலோசகர். எழுத்தில் ஏதாவது இருக்கிறதா? அன்றிரவு ஈப்போவுக்கு அழைத்தேன். சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இருக்குய்யா. தூக்கிப் போட மனசு வரல" என்றார். அலமாரிக்கு மேல், நெகிழிப் பையில், சித்தியின் பழைய அறிக்கைகள். அவர் ஒவ்வொரு பக்கமாகப் படமெடுத்து அனுப்பினார். 2002-ம் ஆண்டுத் திசுப் பரிசோதனைத் தாளில் தட்டச்சில் தெளிவாக இருந்தது: செர்விக்ஸ். கர்ப்பப்பை வாய்.

அக்காவின் ஆலோசகர் குடும்பத்தினருக்கென்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். மரபணுவின் பெயர், மாற்றத்தின் முழுக் குறியீடு, எந்த ஆய்வுக்கூடம், எந்தத் தேதி, இந்த மாற்றத்தை மட்டும் வைத்து உறவினர் எவரும் அறுவை முடிவு எடுக்க வேண்டாம் என்ற வரி. அக்காவின் சம்மதத்தோடு அது ஈப்போ மருத்துவரின் மேசைக்குப் போனது. எல்லை தாண்டினால் மருத்துவப் பதிவுகள் தானாகப் போவதில்லை. நம் பெயர்களும் உதவாது. சிங்கப்பூரில் ஒரு தகப்பன் பெயரோடு 'டி/ஓ' என்று இருப்பவரும் ஈப்போவில் வேறொரு தகப்பன் பெயரோடு 'ஏ/பி' என்று இருப்பவரும் ஒரே பாட்டியின் பேத்திகள் என்று எந்தக் கணினிக்கும் தெரியாது. குடும்பப் பெயர் இல்லாத நம்மிடையே அந்த இணைப்பை ஒரு கடிதம்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

இதையெல்லாம் கேட்டு, மரபணுச் சோதனையே வம்பு என்று நினைத்துவிடக் கூடாது. சிங்கப்பூரில் 1965-லிருந்தே பிறக்கும் பிள்ளைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி குறைபாடு பார்க்கிறார்கள். பாச்சை உருண்டை பக்கம் போகக்கூடாது, சில மருந்துகள் கூடாது என்று அட்டையோடு வீட்டுக்கு வந்த பிள்ளைகள் நம் குடும்பங்களிலும் உண்டு. அதுவும் மரபணு மருத்துவம்தான். நாம் அப்படி அழைத்ததில்லை. வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமாஸெபைன் மருந்து, எச்எல்ஏ-பி 15:02 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்குத் தோல் உரிந்து உயிரையே பறிக்கும் ஒவ்வாமையைத் தரலாம். ஆசியர்களிடம் அந்த வகை அதிகம். 2013 ஏப்ரல் முதல், ஆசிய வம்சாவளியினருக்கு இந்த மருந்தைப் புதிதாகத் தொடங்கும் முன் அந்தச் சோதனை செய்வது இங்கே வழக்கமான சிகிச்சை முறை ஆக்கப்பட்டது. அதற்குப் பிறகு அந்தக் கொடுமையான பாதிப்பு வெகுவாகக் குறைந்தது. இந்த இரண்டும் ஏன் வேலை செய்கின்றன? விடை தெளிவாக இருக்கிறது, அதை யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதும் முன்கூட்டியே முடிவாகியிருக்கிறது.

பொருள் தெரியாத மாற்றம் என்று எழுதிவிட்டுக் கைகழுவிவிடவும் முடியாது. அமெரிக்காவின் தென் கரோலினாவில் வலிப்பால் அவதிப்பட்ட இரண்டு வயதுப் பையன் ஒருவன் 2008-ல் இறந்தான். முந்தைய ஆண்டு வந்த மரபணு அறிக்கை, அவனுடைய மாற்றத்தைப் பொருள் தெரியாதது என்றது. உண்மையில் அது டிராவே நோய்க்குறியைக் காட்டுவது, அது தெரிந்திருந்தால் அவனுக்கு ஆகாத வலிப்பு மருந்துகளை நிறுத்தியிருப்பார்கள் என்பது தாயின் வாதம். திருத்திய அறிக்கை அவர் கைக்குக் கிடைத்ததே பல ஆண்டுகள் கழித்துத்தான். 2016-ல் வழக்குப் போட்டார். ஆக, அந்த நான்கு சொற்களைப் 'பயப்படு' என்று படித்தாலும் தவறு, 'மறந்துவிடு' என்று படித்தாலும் தவறு.

மறுவகைப்படுத்துவது ஆய்வுக்கூடத்தில் தொடர்ந்து நடக்கிறது. அந்தச் செய்தி நோயாளிக்குத் தானாக வந்து சேரும் என்று நம்பியிருக்க முடியாது. தொலைபேசி எண் மாறியிருக்கும், மருத்துவர் வேறிடம் போயிருப்பார். அதனால் அக்கா வருடத்துக்கு ஒருமுறை, தன் பிறந்தநாளை ஒட்டி, மருத்துவமனையை அழைத்துக் கேட்கிறாள். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "என் மாற்றத்தின் வகை மாறியிருக்கிறதா?" நம்மைப் போன்றவர்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் முக்கியம். உலகின் மரபணுத் தரவுகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையது. நம் உடம்பில் சாதாரணமாகக் காணப்படும் ஓர் எழுத்து, அங்கே யாரும் பார்த்திராத எழுத்தாகத் தெரியும். பார்த்திராததால் அது நடுப்படியில் போய் உட்காரும். சீனர், மலாய்க்காரர், இந்தியர் மூவரின் மரபணுக்களையும் வரிசைப்படுத்திய சிங்கப்பூரின் எஸ்ஜி10கே திட்டம் போன்றவற்றின் பயன் இங்கேதான் இருக்கிறது. இந்த ஊர் எழுத்துகளை இந்த ஊரிலேயே பார்த்துப் பழகினால்தான் எது பிழை, எது வழக்கு என்று சொல்ல முடியும்.

குடும்பத்தில் ஒரு தம்பி மட்டும் ஆரம்பத்திலிருந்து ஒரே பாட்டு: "எதுவும் எழுதி வைக்காதீங்க, இன்சூரன்ஸ்காரனுக்குத் தெரிஞ்சா போச்சு." அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் சுகாதார அமைச்சும் ஆயுள் காப்பீட்டுச் சங்கமும் செய்துகொண்ட ஏற்பாடு ஒன்று 2021 அக்டோபரிலிருந்து நடப்பில் இருக்கிறது. மரபணுச் சோதனை செய்துகொள் என்று காப்பீட்டு நிறுவனம் கட்டாயப்படுத்த முடியாது. நோய் வரும் முன் எடுத்த சோதனையின் முடிவையும், பெரிய தொகைக் காப்பீடு போன்ற சில விதிவிலக்குகள் தவிர, பயன்படுத்தக் கூடாது. இதைச் சொன்னபின் தம்பி கொஞ்சம் இறங்கி வந்தான். பயந்து மறைத்த குடும்பக் கதையும், ஆலோசகரின் தாளில் ஒரு தவறான வட்டம்தான்.

ஈப்போத் தங்கை அறுவையை ரத்து செய்தாள். அக்காவுக்கு ஏன் 38 வயதில் வந்தது என்பதற்கு விடை இன்னும் கிடைக்கவில்லை. அதனால் தங்கைக்கு வழக்கத்தைவிட முன்னதாகவே மார்பகப் பரிசோதனைகள் தொடங்கிவிட்டன. கர்ப்பப்பை வாய்க்கான பரிசோதனையும் ஒழுங்காகச் செய்துகொள்கிறாள். அவள் அம்மா செய்யாமல் விட்டது அதைத்தான். 2024-ல் அக்கா வழக்கம்போல் அழைத்தபோது, அந்த மாற்றம் நடுப்படியிலிருந்து 'தீங்கற்றதாக இருக்கக்கூடியது' என்ற படிக்கு இறங்கியிருப்பதாகச் சொன்னார்கள். இந்த முறை அக்கா படமெடுத்து அனுப்பவில்லை. ஒவ்வொருவராக அழைத்துச் சொன்னாள். சொல்லி முடித்ததும், "நான் என்ன சொன்னேன், திருப்பிச் சொல்லு" என்று கேட்டாள். தாதியிடம் கற்றுக்கொண்டது அது.

தங்கைக்கு 2025-ல் பெண் குழந்தை பிறந்தது. பார்க்கப் போனபோது சித்தப்பா அலமாரி மேலிருந்த நெகிழிப் பையைக் காட்டினார். "எல்லாம் தெளிவாயிருச்சே, இனிமே இதத் தூக்கிப் போட்டுறலாமா தம்பி?"

"வேணாம் சித்தப்பா. பேத்திக்கு ஒரு நாள் தேவைப்படும்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் பார்த்தபோது தாள்கள் எல்லாம் ஒரு புது ஃபைலுக்கு மாறியிருந்தன. மேலே சித்தியின் பெயர், அடையாள அட்டை எண், அதற்குக் கீழே அவருடைய கோணல் எழுத்தில், தமிழில்: கர்ப்பப்பை வாய்.